இல்க்லி மூர் பாறைக் குழிகளும் அந்த ஸ்வஸ்திகா கல்லும்

கேள்வி: இங்கிலாந்தில் உள்ள லீட்ஸுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இல்க்லி மூர் என்ற மேட்டு வெளிக்குப் போயிருந்தோம். அங்கே பாறைகளில் வட்ட வட்டமாகக் குழி செதுக்கியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத் தேடினோம். ஒன்றிரண்டு கிடைத்தன, ஆனால் படத்தில் பார்த்த மாதிரி எதுவும் தெரியவில்லை. மழைத்தண்ணீர் அரித்த குழியோ என்றுகூடத் தோன்றியது. ஸ்வஸ்திகா கல் என்று ஒன்று இருக்கிறதாம். நம்மவர்கள் அந்தக் காலத்திலேயே இங்கே வந்ததற்கு அதுதான் ஆதாரம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பியிருக்கிறார். உண்மையில் இதையெல்லாம் யார், எப்போது, எதற்காகச் செதுக்கினார்கள்?

பதில்:

முதலில் மாமாவை கவனித்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்வஸ்திகா கல் இல்க்லி ஊருக்கு மேற்கே, வுட்ஹவுஸ் கிராக் என்ற பாறை விளிம்பில், வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறது. சுற்றிலும் இரும்பு வேலி. எட்டிப் பார்த்ததும் பளிச்சென்று கண்ணில் படுவது அசல் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து வைத்த நகல். அசல் அதற்குப் பின்னால், தேய்ந்துபோய், பாசி படிந்து கிடக்கிறது. இணையத்தில் சுற்றும் படங்களில் பலவும் நகலைத்தான் காட்டுகின்றன.

நான்கு கைகள் வளைந்து சுழல்கின்றன. அவற்றைச் சேர்ந்து ஒன்பது சின்னக் குழிகள். பத்தாவது குழி ஒன்று வெளியே, கொக்கி போன்ற ஒரு கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கு மிக நெருங்கிய உறவு நம் ஊரில் இல்லை, வட இத்தாலியில் வால் கமோனிக்கா என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே ஒன்பது குழிகளைச் சுற்றி வளைந்து ஓடும் கோட்டுருவத்தை கமுனிய ரோஜா என்கிறார்கள். லொம்பார்டி மாகாணக் கொடியில் இருப்பதும் அதுதான். அங்குள்ளவை பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. இல்க்லி கல்லும் அப்படிப் பிந்தியதா, அல்லது மூரில் இருக்கும் மற்றக் குழிகளைப் போல அதைவிடப் பழையதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ‘ஸ்வஸ்திகா’ என்ற பெயர் பிற்காலத்தவர் வைத்தது. பெயர் வேறாக இருந்திருந்தால் மாமா அதை அனுப்பியே இருக்க மாட்டார். சுழலும் நான்கு கைகள் உலகத்தில் பல இடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தோன்றிய உருவம். ஆக, அதை வைத்து யாரும் கப்பல் ஏறி வந்ததாகச் சொல்ல முடியாது.

சரி, இனி நீங்கள் தேடிப் போன குழிகளுக்கு வருவோம். என்னைக் கேட்டால் அந்த மூரின் உண்மையான செல்வம் அவைதான்.

நீங்கள் போனது நடுப்பகல் என்று நினைக்கிறேன். நடுப்பகலில் யார் போனாலும் ஒன்றும் தெரியாது. நானும் முதல் மூன்று தடவை அப்படித்தான் ஏமாந்து திரும்பினேன். நாலாவது தடவை நவம்பர் மாதத்தில், மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கும் நாளில், ‘பேட்ஜர் கல்’லுக்குப் போனேன். சுமார் 12 அடி நீளமுள்ள பெரிய பாறை அது. தூறி ஓய்ந்திருந்தது. கைவிளக்கைப் பாறைக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில், பாறையின் தோலை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு பக்கம் நிழல் விழுந்தது. முதலில் நாலைந்து குழிகள் தெரிந்தன. விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் இன்னும் பத்து. அப்புறம் குழிகளைச் சுற்றி வளையங்கள், வளையத்துக்குள் வளையம், அவற்றை அறுத்துக்கொண்டு வெளியே ஓடும் வாய்க்கால் போன்ற கோடு. பகலில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கல். அரை மணி நேரம் அங்கேயே குந்தியிருந்தேன், கால் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

குழிகளின் அளவைச் சொல்ல வேண்டுமானால் பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை அந்தக் குழி அகலம்தான். ஆழம் ஒன்றிரண்டு விரற்கடை. ‘மழை அரித்ததோ’ என்ற சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் அந்தப் பாறையில் இயற்கைக் குழிகளும் ஏராளம். அது சுமார் 32 கோடி வருடங்களுக்கு முன் ஆற்றுக் கழிமுகத்தில் படிந்த கரடுமுரடான மணற்பாறை. திரிகைக்கல் செய்ய உதவியதால் ஆங்கிலத்தில் அதற்கு ‘மில்ஸ்டோன் கிரிட்’ என்றே பெயர். அதில் பதிந்திருக்கும் வெங்கச்சங்கற்கள் (குவார்ட்ஸ்) உதிர்ந்து விழுந்தாலே குழி உண்டாகும். ஆனால் அப்படி விழுந்த குழி கோணல்மாணலாக இருக்கும். பாறையின் அடுக்கு ஓடும் திசையிலேயே வரிசையாகப் போகும். சில சமயம் உள்ளே குடைந்து வாய் குறுகியிருக்கும். மனிதன் செதுக்கிய குழி வட்டமாக, கிண்ணம்போல் வழுவழுப்பாக இறங்கும். பக்கத்துக் குழிகளும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். சுற்றி ஒரு வளையம் இருந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். எது மனிதன் செய்தது, எது மழை செய்தது என்று அனுபவசாலிகளே தகராறு செய்யும் கற்களும் உண்டு.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு நம் வீட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தெருவில் ‘அம்மி கொத்தலையோ அம்மி’ என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் கொத்தி முடித்ததும் அம்மி முகத்தில் புள்ளி புள்ளியாகப் பொரிந்த தடம் இருக்கும். மண்ணுக்கடியில் புதைந்திருந்து இப்போதுதான் வெளியே வந்த செதுக்குப் பாறைகளில் அதே புள்ளித் தடத்தைப் பார்க்கலாம். வெயிலும் மழையும் படாததால் கொத்து விழுந்த இடமெல்லாம் அப்படியே இருக்கும். ஒரே வித்தியாசம், அம்மி கொத்துகிறவர் கையில் இரும்பு உளி. இவர்களுடையது இரும்பே இல்லாத காலம். கெட்டியான இன்னொரு கல்லால் கொத்தியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கில்மார்ட்டின் பள்ளத்தாக்கில் டார்ப்லாரன் என்ற இடத்தில் செதுக்குப் பாறையைச் சுற்றித் தோண்டியபோது வெங்கச்சங்கல் துண்டுகளும் அடிக்கப் பயன்பட்ட கற்களும் கிடைத்தன. மணற்பாறையில் ஒரு குழி செதுக்க நாள்கணக்கெல்லாம் ஆகாது, உட்கார்ந்து அடித்தால் சீக்கிரமே முடித்துவிடலாம். எனவே, ‘ஆயிரம் அடிமைகள் உழைத்தார்கள்’ என்பது போன்ற கதைகளுக்கு இங்கே வேலையில்லை.

எவ்வளவு பழையது? கல்லில் செதுக்கிய குழிக்கு நேரடியாகக் காலம் கணிக்க வழியில்லை. கரி இருந்தால் கார்பன் சோதனை செய்யலாம், குழியில் கரி ஏது? அதனால் சுற்றி வளைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் டல்லடீஸ் என்ற இடத்தில் கற்கால நீள்மேட்டுச் சமாதி ஒன்றுக்குள் குழி செதுக்கிய கல் கிடைத்தது. அந்தச் சமாதி கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது. மறுபக்கம், வெண்கலக் காலத் தொடக்கத்துக் கல்லறைப் பெட்டிகளில் இதே உருவங்கள் உள்ள கற்பலகைகளை உடைத்து வந்து, செதுக்கிய முகம் பிணத்தைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நார்தம்பர்லாந்தின் ஹன்டர்ஹூ என்ற இடத்தில் இந்த இரண்டு நிலையும் ஒரே பாறையில் தெரிகிறது. முதலில் இயற்கைப் பாறை முகத்தில் நிதானமாகச் செதுக்கிய உருவங்கள். பிறகு யாரோ அந்தப் பாறையை உடைத்துக் கல் எடுத்திருக்கிறார்கள். அப்படி உடைத்த புது முகத்திலும் மறுபடி செதுக்கல், ஆனால் இந்தத் தடவை கரடுமுரடாக. இதையெல்லாம் சேர்த்துத்தான் ஏறக்குறைய கி.மு. 3800 முதல் கி.மு. 1500 வரை என்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான பழக்கம் அது. சங்ககாலத்திலிருந்து இன்றுவரை இருக்கும் இடைவெளியை நினைத்துப் பாருங்கள். இத்தனை நீண்ட காலத்தில் எல்லோரும் ஒரே அர்த்தத்தில்தான் செதுக்கினார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அந்த மூரைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்த காட்சி, அதாவது மரமே இல்லாத வெட்டவெளி, முழங்கால் உயர ஹெதர் புதர், காலை இழுக்கும் கரிய சதுப்பு மண், இது எதுவும் அவர்கள் பார்த்த காட்சி இல்லை. அன்று அந்த மேட்டில் பிர்ச், ஓக், ஹேசல் மரங்கள் இருந்தன. சதுப்பு மண்ணுக்குள் சிக்கியிருக்கும் மகரந்தத் தூளை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆடு மாடு மேய்க்கவும் பயிர் செய்யவும் மரங்களை வெட்டினார்கள், எரித்தார்கள், மழையும் அதிகமானது, மண் சத்திழந்து புளித்தது, ‘பீட்’ என்ற கரிமண் படிந்து ஹெதர் ஏறியது. ஆக, ‘வெட்டவெளியில் தனியாக நிற்கும் மர்மப் பாறை’ என்ற சினிமாப் படம் பிற்காலத்தில் உண்டானது. செதுக்கியவர்களுக்கு அது காட்டு நடுவே இருந்த ஒரு திறப்பு. மாட்டை ஓட்டிச் செல்லும் தடத்தில் வரும் ஒரு பாறை.

அந்தக் கரிமண்தான் பல கற்களைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. 2003 செப்டம்பரில் வடக்கு யார்க்ஷயரின் ஃபைலிங்டேல்ஸ் மூரில் பெரிய தீ. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் ஹெதரும் அதற்கடியில் இருந்த கரிமண்ணும் எரிந்துபோயின. சாம்பலுக்கு நடுவே யாரும் கண்டிராத செதுக்குப் பாறைகள் வரிசையாக வெளியே வந்தன. அவற்றில் ஒன்றில் குழியும் வளையமும் இல்லை. நேர்கோடுகளால் கட்டம் கட்டமாக, கோணம் கோணமாக ஒரு வேலைப்பாடு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளின் கற்கால வீடுகளிலும் பானைகளிலும் காணும் கோலங்களோடு அதை ஒப்பிடுகிறார்கள். லேசர் கருவியால் பதிவு செய்துவிட்டு அந்தக் கல்லை மறுபடி மூடிவிட்டார்கள். ‘கண்டுபிடித்ததை ஏன் மூட வேண்டும்?’ என்று கேட்கலாம். இன்னும் இரண்டு கதைகளைச் சொன்னால் புரியும்.

இல்க்லி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், செயின்ட் மார்கரெட் தேவாலயத்துக்கு எதிரே, கம்பி வேலிக்குள் பனோரமா கல் இருக்கிறது. ஏணி போன்ற கோடுகளால் இணைந்த வளையங்கள். அந்த வட்டாரத்திலேயே அலங்காரம் மிகுந்த கல். மேட்டில் வீடு கட்ட இடம் எடுத்தபோது, காப்பாற்றுவதாக நினைத்து 1890-களில் ஊருக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். இன்று போய்ப் பாருங்கள், மரநிழலும் ஈரமும் பாசியுமாக, பழைய புகைப்படத்தில் துல்லியமாகத் தெரியும் ஏணிகளில் பாதியைக்கூடக் கண்ணால் பிடிக்க முடியாது.

மற்றது கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள கொக்னோ கல். சுமார் 13 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பிரிட்டனின் மிகப்பெரிய செதுக்குப் பாறைகளில் ஒன்று. 1937-இல் லுடோவிக் மான் என்பவர் வானியல் கணக்கு ஏதோ கண்டுபிடித்ததாக நம்பி, பாறை முழுவதும் பல வண்ணங்களில் பெயின்ட் அடித்துக் கோடு போட்டார். அது பிரபலமாகி, ஊரே வந்து ஏறி மிதித்து, பெயர்களையும் கீறிவைத்தது. வேறு வழியில்லாமல் 1965-இல் மண்ணைப் போட்டு மூடினார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கென்னி ப்ரோஃபி தலைமையில் 2015-இலும் 2016-இலும் திறந்து, முப்பரிமாணப் பதிவு எடுத்துவிட்டு மறுபடியும் புதைத்தார்கள். அப்போது அந்தப் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது ‘எதற்காக?’ என்ற கேள்வி. ரொனால்ட் மாரிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்து வழக்கறிஞர், ஓய்வுக் காலத்தில் இந்தப் பாறைகளையே சுற்றிக்கொண்டிருந்தவர், அதுவரை மக்கள் சொன்ன காரணங்களையெல்லாம் பட்டியல் போட்டார். மொத்தம் 104. நட்சத்திர வரைபடம், பலி ரத்தம் ஊற்ற, பால் ஊற்ற, தாது இருக்கும் இடத்தைக் காட்ட, எல்லைக்கல், விளையாட்டுப் பலகை, பொழுதுபோகாத இடையன் செய்த வேலை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டார், வாத்தியார் விடைத்தாள் திருத்துவதுபோல. ‘நம் ஊர்ப் பாறைகளில் இருக்கும் உரல் குழி, பல்லாங்குழி மாதிரிதானே’ என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். அரைக்கவோ ஆடவோ செய்ததென்றால் செங்குத்தான பாறை முகத்தில் செதுக்கியிருக்க மாட்டார்கள். இங்கே சரிவிலும் சில இடங்களில் நிமிர்ந்த முகத்திலும் இருக்கின்றன. சுற்றிப் போட்ட வளையத்துக்கும் அரைப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

‘இது என்ன அர்த்தம்?’ என்ற கேள்வியோடு போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். எழுத்து இருந்தால் படிக்கலாம். இது எழுத்தும் இல்லை. ‘ஏன் இந்தப் பாறையில்? பக்கத்தில் இருக்கும் வழவழப்பான, பெரிய பாறையில் ஏன் இல்லை?’ என்று கேட்டால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் வருகிறது. ரிச்சர்ட் பிராட்லி என்ற தொல்லியல் பேராசிரியர் இந்தப் பாதையில் நிறைய யோசித்தவர். வெறும் குழிகள் மட்டும் உள்ள எளிய கற்கள் ஒருவகை இடங்களிலும், வளையத்துக்கு மேல் வளையமாகப் பின்னிய சிக்கலான கற்கள் தொலைதூரம் தெரியும் விளிம்புகளிலும் பள்ளத்தாக்குக்குள் நுழையும் வழிகளிலும் அமைவதாக அவர் காட்டினார். ராம்பல்ட்ஸ் மூரில் இருக்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட கற்களில் (இல்க்லி மூர் அதன் ஒரு பகுதிதான்) கணிசமானவை வார்ஃப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் வடக்கு விளிம்பை ஒட்டித்தான் இருக்கின்றன. எல்லாக் கல்லுக்கும் இந்த விதி பொருந்தாது, ஆனால் மூரில் நின்று பார்க்கும்போது இது உதவுகிறது.

கல்லையே கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். செதுக்கியவர்கள் பாறையை வெற்றுத் தாளாக நினைக்கவில்லை. இயற்கையாக ஓடும் விரிசலைப் பிடித்துக்கொண்டு கோடு போகிறது. ஏற்கெனவே இருந்த குழியைச் சுற்றி வளையம் போட்டிருக்கிறார்கள். மேடான இடத்தில் ஒன்று, பள்ளமான இடத்தில் வேறொன்று. பாறையில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, நாம் அதற்குப் பதில் சொல்கிறோம் என்பதுபோல. இது என் எண்ணம்தான், ஆனால் நூறு கல்லைப் பார்த்த பிறகு வந்த எண்ணம்.

இதே குழி வளைய உருவங்கள் அயர்லாந்திலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் இருக்கின்றன. அட்லாண்டிக் கரையோர மக்கள் கடல் வழியாகப் பழகியிருக்கலாம் என்பதற்கு இதை ஒரு அடையாளமாகச் சொல்கிறார்கள். கலீசியாவில் மான் உருவங்களும் உண்டு. பிரிட்டனில் இந்தக் காலத்தவர் விலங்கே செதுக்கவில்லை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு கில்மார்ட்டினில் டன்கிரெய்கெய்க் என்ற கற்குவியல் சமாதிக்குள் ஹேமிஷ் ஃபென்டன் என்பவர் ஒரு மாலையில் நுழைந்து, கூரைக்கல்லின் அடிப்பக்கம் விளக்கடித்துப் பார்த்தார். கிளைவிட்ட கொம்போடு ஆண் மான்கள்! 2021-இல் செய்தி வெளியானது. எத்தனையோ பேர் குனிந்து போய் வந்த சமாதி அது.

உங்களுக்கு ஒரு நாள் முழுதும் கார் ஓட்ட மனம் இருந்தால் நார்தம்பர்லாந்து போங்கள். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்குப் பாறைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு ஸ்டான் பெக்கன்சால் என்ற பள்ளி ஆசிரியர் வார விடுமுறைகளில் நடந்து நடந்து பதிவு செய்தவை. ரவ்டிங் லின் என்ற இடத்தில், திமிங்கில முதுகுபோல் சுமார் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை, மேலெல்லாம் வளையங்கள். வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியார் 1852-இல் கவனித்தது. பக்கத்திலேயே சின்ன அருவி, சத்தம் கேட்கும். பாறையின் ஒரு பகுதியைக் கல்லுக்காக உடைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மறுபடி இல்க்லி போகும்போது சில விஷயங்களை மறக்காதீர்கள். சாக்பீஸ் வேண்டாம். படம் நன்றாக வரட்டும் என்று நான் ஆரம்பத்தில் ஒரு வளையத்தைச் சாக்பீஸால் எடுப்பாகக் காட்டினேன்; நாயோடு நடந்து வந்த ஒரு பாட்டி நின்று, எதுவும் திட்டாமல், ‘அது போக எத்தனை மழை வேண்டும் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் தொட்டதே இல்லை. பாசியைச் சுரண்டினாலும் மணற்பாறையின் மேல்தோல் அதனோடு உதிரும். பல கற்கள் 1979-ஆம் வருடத்துச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, கீறினால் குற்றம். வேண்டுமானால் ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி நனைத்துப் பாருங்கள், ஈரத்தில் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, வெயில் சாய்ந்திருக்கும் பிற்பகல் நேரம் உத்தமம். லீட்ஸிலிருந்து ரயில் அரை மணி நேரம்தான். ‘வைட் வெல்ஸ்’ என்ற பழைய குளியல் கட்டடத்தைத் தாண்டி ஏறினால் மூர். டார்வினும் 1859-இல் தன் புகழ்பெற்ற நூல் வெளியான சமயத்தில் இதே ஊரில்தான் தண்ணீர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், அது போகட்டும். விளக்கு, முழங்கால் வரை பூட்ஸ், கூடவே ஒரு ஆள். மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பாறையைத் தேடுவதை விட்டுவிட்டு முதலில் பாதையைப் பிடியுங்கள்.

மாமாவுக்குப் படம் அனுப்புவதாக இருந்தால், வேலிக்குள் பின்னால் மங்கலாகக் கிடக்கிறதே, அந்தக் கல்லை எடுத்து அனுப்புங்கள். முன்னால் பளிச்சென்று இருப்பதை இல்லை.